மன்னிப்புக்குப் பின் வந்த தடை: ‘மக்கள் ஓசை’ நிகழ்வும் (2007) சமய அங்கதமும்

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூரில் ‘மக்கள் ஓசை’ நாளேடு தன் முதற்பக்கத்தில் ஒரு படத்தை அச்சிட்டது. அதில் இயேசு கிறிஸ்துவின் ஒரு கையில் சிகரெட். மறு கையில் பீர் கலன் போன்ற ஒன்று. படத்தையொட்டி, செய்த பிழைக்கு மனம் வருந்துவோர்க்கு விண்ணுலகம் காத்திருக்கிறது என்னும் பொருள்படும் வாசகம் இருந்தது. கிறிஸ்தவர்களிடையே மனவருத்தம் எழுந்தது. இதழ் மன்னிப்புக் கோரியது. கோலாலம்பூர் கத்தோலிக்கப் பேராயர் மர்ஃபி பாக்கியம் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஆகஸ்டு 23ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு அவ்விதழை ஒரு மாத காலம் நிறுத்திவைக்குமாறு ஆணையிட்டது.

மலேசியத் தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஓர் அச்சுப் பிழை, ஒரு மாதத் தடை, பிறகு வழக்கமான வெளியீடு என்ற அளவில் அது அடங்கிவிடுகிறது. புண்பட்ட சமூகத்தின் தலைவர் மன்னித்த பிறகும் அரசு தண்டித்தது என்பதே இந்நிகழ்வின் சாரம் என்பது நம் கருத்து. அந்தப் புண் யாருடையது, அதை ஆற்றும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சமயத்தின் பெயரால் வன்முறை நிகழும்போது எழும் தோழமையைப் பற்றியும் அதே வினாக்களின் துணைகொண்டு சிலவற்றைக் கூற விழைகிறோம்.

அங்கதம்: தமிழ் மரபும் மலாயா அனுபவமும்

சமயத்தை எள்ளுதல் தமிழருக்குப் புதிதன்று. வசைப்பொருள் கொண்ட செய்யுளைத் தொல்காப்பியம் அங்கதம் என்று பெயரிட்டு, வெளிப்படையாகப் பழிப்பதையும் பழியை மறைத்துக் கூறுவதையும் வேறுபடுத்துகிறது. செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று அவற்றை வகுப்பறையில் நாம் கற்பிக்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி நாடகத்தில் கள்ளுண்ட காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் பாசுபதனையும் ஒருங்கே நகைப்புக்கு உள்ளாக்கினான். தன் நாட்டுத் துறவியரைத் தன் தலைநகரிலேயே எள்ளிய மன்னன் அவன். இறைவனையே இடித்துரைத்த சுந்தரருக்குச் சைவ மரபு வன்றொண்டர் என்னும் பெயரைச் சூட்டி மகிழ்ந்தது. காளமேகப் புலவரின் நிந்தாத்துதிப் பாடல்களைக் கோயில் வாயிலிலேயே சொல்லிச் சிரிக்கும் பக்தர்கள் இன்றும் உள்ளனர். அப்பாடல்களை இடைநிலைப்பள்ளி மாணவர்க்குச் சொல்லலாமா, பெற்றோர் எவரேனும் முறையிடுவார்களா என்று பயிற்சிப் பட்டறைகளில் நம்மிடம் கேட்கும் ஆசிரியர்களும் உள்ளனர். ஐந்து நூற்றாண்டுகளாகப் புழங்கும் பாடலைக் குறித்து இப்படியோர் ஐயம் எழுவது எண்ணத்தக்கது.

இவ்வெள்ளலில் பெரும்பகுதி தன் வீட்டைப் பற்றியதாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. சைவர் சமணரையும் சமணர் சைவரையும் கடுமையாகப் பழித்த காலங்களும் உண்டு. அவற்றை அங்கதம் என்பதைவிடச் சமயப் போர் என்பதே பொருந்தும். இருபதாம் நூற்றாண்டில் அங்கதத்தை மீண்டும் உள்நோக்கித் திருப்பியவர்கள் சுயமரியாதை இயக்கத்தினர். 1925இல் ஈரோட்டில் தொடங்கப்பட்ட ‘குடி அரசு’ கடல் கடந்து மலாயாத் தமிழர் கைகளையும் எட்டியது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ராமசாமி பினாங்கில் வந்திறங்கி, ஈப்போ, சிங்கப்பூர் உள்ளிட்ட ஊர்களில் பேசினார். அவர் வருகைக்கு வரவேற்பும் இருந்தது; வைதிகப் பிடிப்புடைய தமிழரின் எதிர்ப்பும் இருந்தது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ம் தோன்றின. காவடி, அலகு குத்துதல், தீமிதி முதலிய நேர்த்திக்கடன்களைச் சீர்திருத்தக்காரர்கள் மேடையிலும் ஏட்டிலும் இகழ்ந்தனர். பத்துமலைக்குக் காவடி எடுத்த தமிழரும் அக்காவடியை இகழ்ந்த தமிழரும் ஒரே தோட்டத்தில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தனர். சண்டை கடுமையாகவே நடந்தது. எள்ளியவரும் எள்ளப்பட்டவரும் ஒரே மொழி பேசியதால், மறுமொழி சொல்ல இரு தரப்பாருக்கும் இடம் இருந்தது.

சட்டம் வந்த வழி

பெரியார் மலாயாவுக்கு வந்த அதே 1929ஆம் ஆண்டின் ஏப்ரல் 6ஆம் நாள், லாகூரில் ராஜ்பால் என்னும் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். நபிகள் நாயகத்தை இழித்துரைத்த சிறு நூலொன்றை அவர் 1924இல் வெளியிட்டிருந்தார். 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைய சட்டத்தில் அக்குற்றத்திற்கு இடமில்லை என்பதே காரணம். அதனால் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்கும் பொருட்டு, அதே ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சமய உணர்வைத் திட்டமிட்டுத் தீய நோக்குடன் புண்படுத்துதல் அதுமுதல் குற்றமாயிற்று. சட்டம் வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பதிப்பாளர் கொல்லப்பட்டார் என்னும் கால வரிசையை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். புண்பட்டோரின் சினத்தைச் சட்டம் தன்வசப்படுத்திக்கொண்டால் வன்முறை நிற்கும் என்னும் எதிர்பார்ப்பு, அதன் முதற்சோதனையிலேயே பொய்த்தது.

மலாயாவின் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் சொல்லப்படும் சொல் பற்றிய 298ஆம் பிரிவு இரண்டுக்கும் பொது. 295அ போன்ற பிரிவு இங்கு இல்லை. சமய அடிப்படையில் ஒற்றுமையைக் குலைத்தல் பற்றிய 298அ பிரிவு 1983இல் சேர்க்கப்பட்டது. ஆனால் மலேசியாவில் நாளேடுகளை அச்சுறுத்தியவை இப்பிரிவுகள் அல்ல. நீதிமன்றத்திற்குச் செல்லத் தேவையின்றி, ஓர் அமைச்சரின் கையொப்பத்தால் இயங்கும் உரிமமுறையே அச்சுறுத்தலாக இருந்தது. அதன் வேர் அவசரகாலத்தில் உள்ளது. 1948இல் இயற்றப்பட்ட அச்சக உரிமச் சட்டமும் இறக்குமதி வெளியீடுகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இணைந்து 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமாயின. நாம் வாழும் ஸ்ரீ கெம்பாங்கான் அவ்வவசரகாலத்தில் முள்வேலிக்குள் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று. முள்வேலி எப்போதோ அகற்றப்பட்டுவிட்டது. அடுக்ககங்களும் பேரங்காடிகளும் வந்துவிட்டன. அக்காலத்து உரிமமுறை மட்டும் புதுப்பெயருடன் நிலைத்தது.

1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வாத்தான்’ ஆகிய ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வாய்ப்பையும் அடைத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் முறையை நீக்கி, நீதிமன்ற மறுஆய்வுக்கும் இடமளித்தது. எனவே 2007இல் ‘மக்கள் ஓசை’ தடையை எதிர்கொண்டபோது, ஆண்டு இறுதியில் உரிமம் கிடைக்குமா என்னும் கவலை ஒருபுறமும் நீதிமன்றக் கதவு அடைபட்ட நிலை மறுபுறமுமாக இருந்தது.

2006: ஒரே மாதம், மூன்று நாளேடுகள்

‘மக்கள் ஓசை’க்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள, அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவற்றை நோக்க வேண்டும். 2005 செப்டம்பர் 30ஆம் நாள் டென்மார்க்கின் ‘யில்லாண்ஸ் போஸ்டன்’ நாளேடு நபிகள் நாயகம் பற்றிய பன்னிரண்டு கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. 2006இன் தொடக்கத்தில் பல நாடுகளில் தூதரகங்கள் தாக்கப்பட்டன, உயிர்ச்சேதங்களும் நேர்ந்தன. இப்பின்னணியில், 2006 பிப்ரவரி 4ஆம் நாள் கூச்சிங்கிலிருந்து வெளிவந்த ‘சரவாக் டிரிபியூன்’ அச்சித்திரங்களுள் ஒன்றை மறுபதிப்புச் செய்தது. ஆசிரியர் பதவி விலகினார். ஏடு மன்னிப்புக் கோரியது. ஆயினும் பிப்ரவரி 9ஆம் நாள் அதன் உரிமம் காலவரையறையின்றி நிறுத்தப்பட்டது. 1945இல் பிறந்த அவ்வேடு 2010இல் ‘நியூ சரவாக் டிரிபியூன்’ என்னும் பெயரில்தான் மீண்டும் வெளிவர முடிந்தது.

அடுத்து ‘குவாங் மிங்’ சீன நாளேட்டின் முறை. அது கேலிச்சித்திரத்தைத் தனியாக அச்சிடவில்லை. ஒருவர் நாளிதழ் படிப்பதைக் காட்டும் செய்திப்படத்தில், அவர் கையிலிருந்த தாளில் சித்திரம் தெரிந்தது. அதன் மாலைப் பதிப்புக்கு இரண்டு வாரத் தடை. அதே பிப்ரவரியில் ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளேடு அமெரிக்க ஓவியர் வைலி மில்லரின் துணுக்குச் சித்திரம் ஒன்றை வெளியிட்டது. அதில் நபிகளின் உருவம் இல்லை. தெருவோர ஓவியன் ஒருவனின் விளம்பரப் பலகையில் அவரைப் பற்றிய குறிப்பு மட்டும் இருந்தது. அமைச்சு விளக்கம் கேட்டது, ஏடு மன்னிப்புக் கோரியது, அத்துடன் முடிந்தது. அம்னோவுடன் நெருங்கிய தொடர்புடைய குழுமத்தின் ஏடு அது.

மூன்றாவது சித்திரம் முன்னவற்றைவிட மென்மையானது என்று வாதிடலாம். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் ‘குவாங் மிங்’ படத்தில் புண்படுத்தும் நோக்கம் இருந்ததென யாரும் கூற இயலாது. மன்னிப்பு என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் முழு விலையும் பெறுகிறது, மற்றோரிடத்தில் செல்லாக்காசாகிறது என்றால், அதை எடைபோடும் தராசு எதுவென்று கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை. ‘மக்கள் ஓசை’ நிகழ்வு இவ்வரிசையில் நான்காவது. முதல் மூன்றிலும் பெரும்பான்மைச் சமயத்தின் உணர்வு பேசப்பட்டது. நான்காவதில் சிறுபான்மைச் சமயம் ஒன்றின் உணர்வு. ஆகையால் அரசு எல்லாச் சமயங்களையும் ஒருதரமாகக் காக்கிறது என்பதற்கு இத்தடையே சான்று என்று அன்று பேசியோரும் உண்டு. இயேசு இஸ்லாமியர்க்கும் ஈசா நபி ஆவார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

புண்பட்டவர் யார்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கிறிஸ்தவம் அண்மையில் வந்ததன்று. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியராகக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரிடையிலும் தமிழ்நாட்டுத் தமிழரிடையிலும் லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் வேரூன்றின. புடுவில் உள்ள அந்தோணியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் ஆலயமாகவே அறியப்பட்டது. கிள்ளானிலும் தோட்டப்புறங்களிலும் தமிழில் வழிபாடு நடக்கும் ஆலயங்கள் பல. இவர்கள் ‘மக்கள் ஓசை’யின் வாசகர்களுமாவர். ஆகவே 2007 ஆகஸ்டில் நிகழ்ந்ததை இரு சமயத்தாரிடையே மூண்ட மோதல் என்பதைவிட, ஒரு நாளேட்டுக்கும் அதன் வாசகருள் ஒரு பகுதியினருக்கும் இடையே எழுந்த மனத்தாங்கல் என்பதே பொருந்தும்.

அப்படத்தை அங்கதம் என்று வகைப்படுத்தவும் நமக்குத் தயக்கம் உண்டு. பழிகரப்பு அங்கதத்தில் மேலே புகழ்ச்சியும் உள்ளே பழியும் இருக்கும். இங்கோ மேலே பழிப்பான படம். அருகில் பக்தியான வாசகம். வேறோர் இடத்தில் நகைப்பிற்காக ஆக்கப்பட்ட உருவம், மனந்திரும்புதலைப் போதிக்கும் பகுதிக்கு அணியாக வந்து அமர்ந்துவிட்டது. இது கவனக்குறைவு என்று நிர்வாகம் விளக்கியதை நம்புவதில் நமக்குத் தடையில்லை. வாசகமே அதற்குச் சான்று. நோக்கம் பற்றி ஆராயும் எந்த நீதிமன்றமும் இதைத் தீய நோக்கமென்று கொள்வது அரிது. உரிமமுறை நோக்கத்தை ஆராய வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் வசதி.

தடைக்கு அரசியற் காரணமும் கூறப்பட்டது. நாளேட்டின் மீது நடவடிக்கை வேண்டுமென்று ம.இ.கா. வற்புறுத்தியது. அக்கட்சியைக் குறைகூறும் செய்திகளை வெளியிட்டு வந்ததாலேயே தனக்கு இந்நிலை நேர்ந்ததென்று இதழின் நிர்வாகம் வெளிப்படையாகக் கூறியது. ‘மக்கள் ஓசை’க்கும், ம.இ.கா. தலைமைக்கு நெருக்கமான ‘தமிழ் நேச’னுக்கும் இடையே நிலவிய போட்டியை அன்றைய வாசகர் யாவரும் அறிவர். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 சனவரியுடன் நின்றுவிட்டது. அப்போட்டியின் சூடும் இன்று ஆறிவிட்டது. நிர்வாகத்தின் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கவில்லை. எனினும், புண்பட்டோரின் தலைவர் அமைதியடைந்த பின்னரும் அச்சமயத்தைச் சாராத அரசியலாளர் அமைதியடையாதது கவனத்திற்குரியது.

ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலையின் பொன்விழாவைக் கொண்டாடியது. அன்று மலேசியத் தமிழ் நாளேடுகளுள் ஒன்று வெளிவரவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் ஒட்டுக்கடைகளில் தேநீருடன் ‘மக்கள் ஓசை’யைப் புரட்டும் வழக்கமுடையவர்கள் கிடைத்த ஏட்டை எடுத்துக்கொண்டதையே நாம் கண்டோம், தடையைப் பற்றிய விவாதம் மிகுதியாக இல்லை. பேச்சுரிமை என்பது வழக்கறிஞர் மன்றத்தின் கவலை, நமக்கேன் என்னும் மனப்பாங்கு அன்று பரவலாக இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராஃப் பேரணியில் பல்லாயிரம் தமிழர் தெருவுக்கு வந்த பின்னரே அது மாறத் தொடங்கியது எனலாம். 2008 ஏப்ரலில் அந்நாளேட்டின் உரிமத்தைப் புதுப்பிக்க அமைச்சு முதலில் மறுத்துப் பின்னர் இசைந்தபோது, எதிர்ப்புக் குரல்கள் முன்னதைவிட உரக்கக் கேட்டன.

தீ வைக்கப்பட்ட தேவாலயம்

பேராயர் மர்ஃபி பாக்கியத்தின் பெயர் மீண்டும் பொதுமன்றத்திற்கு வந்தது வேறொரு வழக்கில். ‘தி ஹெரால்ட்’ என்னும் கத்தோலிக்க வார ஏடு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. அதன் மலாய்ப் பகுதியில் ‘அல்லாஹ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்த உள்துறை அமைச்சு தடை விதித்தது. உரிமத்தில் இணைக்கப்பட்ட ஒரு நிபந்தனையே அத்தடையின் கருவி. ‘மக்கள் ஓசை’யை நிறுத்திய அதே சட்டம். வெளியீட்டாளர் என்ற முறையில் பேராயர் வழக்குத் தொடுத்தார். 2009 டிசம்பர் 31ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

2010 சனவரி 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து, கோலாலம்பூர் தேசா மெலாவாத்தியில் மெட்ரோ தபர்னாக்கல் தேவாலயத்தின் கீழ்த்தளம் தீக்கிரையாயிற்று. பெட்டாலிங் ஜெயாவில் வேறு தேவாலயங்களும் தீக்குண்டுகளுக்கு இலக்காயின. செந்தூலில் சீக்கியர் குருத்துவாராவின் மீது கல்லெறியப்பட்டது; சீக்கியரும் தம் வழிபாட்டில் அச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். சில வாரங்கள் கழித்து, பள்ளிவாசல் வளாகங்களில் பன்றித்தலைகள் போடப்பட்டிருக்கக் காணப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் 1969ஐ நினைவிற்கொண்டிருந்த தலைமுறை அவ்வாரத்தை எவ்வாறு கழித்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறியலாம்.

தாக்குதல்களை அடுத்து இஸ்லாமிய அரசுசாரா அமைப்புகள் பல, தேவாலயங்களுக்குக் காவல் நிற்க முன்வந்தன. ஆபிரகாமிய மரபைச் சார்ந்த சமயத்தார் அச்சொல்லைப் பயன்படுத்தத் தடையில்லை என்று பாஸ் கட்சி கூறியது. பிரதமர் நஜிப் எரிந்த தேவாலயத்தைப் பார்வையிட்டு 500,000 ரிங்கிட் உதவியை அறிவித்தார். தீ வைத்த குற்றத்திற்காகச் சகோதரர் இருவர்க்கு அவ்வாண்டே ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. இவற்றுள் முதலாவதே நம் ஆய்வுக்கு முதன்மையானது. காவல் நிற்க வந்தோர் அனைவரும் பேராயரின் வாதத்தை ஏற்றவரல்லர். அச்சொல் இஸ்லாத்திற்கே உரியதென எண்ணியோரும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். சொல்லைப் பற்றிய கருத்து வேற்றுமை ஒருபுறம் இருக்க, தீயை எதிர்ப்பதில் தோழமை பிறந்தது. தோழமைக்குக் கருத்தொற்றுமை முன்நிபந்தனையன்று என்பதை நூல்களைவிட அவ்வாரம் தெளிவாகக் காட்டியது.

சட்டம் வேறு திசையில் சென்றது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014 சூனில் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. பொது அமைதி பற்றிய அச்சம் அவ்வாதங்களில் இடம்பெற்றது. தீ வைத்தோரின் செயலே, தீக்கு இரையானோரின் உரிமையைச் சுருக்கும் காரணமாக மாறக்கூடிய விந்தை இங்கே உள்ளது. 1927இல் லாகூரில் தொடங்கிய அதே தருக்கம்தான்.

கோயம்புத்தூர், 2017

2015 சனவரி 7ஆம் நாள் பாரிஸில் ‘சார்லி எப்டோ’ அலுவலகத்தில் பன்னிருவர் கொல்லப்பட்டனர். நானும் சார்லியே என்னும் முழக்கம் உலகெங்கும் எழுந்தது. மலேசியத் தமிழறிஞரிடையிலும் அது பேசப்பட்டது. பலர் அம்முழக்கத்தை ஏற்கத் தயங்கினர், அவ்விதழின் சித்திரங்கள் தமக்கு அருவருப்பூட்டுகின்றன என்பதால். அத்தயக்கம் நேர்மையானதே. கொலையைக் கண்டிப்பதற்குச் சித்திரத்தை விரும்ப வேண்டியதில்லை. ஆனால் பாரிஸைப் பற்றி நீண்ட நேரம் பேசிய நாம், ஈராண்டு கழித்துத் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்த கொலையைப் பற்றிக் குறைவாகவே பேசினோம்.

2017 மார்ச் 16ஆம் நாள் இரவு, கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளரானவர். சமூக ஊடகங்களில் சமயத்தைக் கேள்விக்குள்ளாக்கி எழுதி வந்தவர். அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்களே இக்கொலைக்காகக் கைது செய்யப்பட்டனர். சுயமரியாதை இயக்கம் பிறந்த கொங்கு நாட்டிலேயே, தன் வீட்டைத் தானே விமரிசித்த ஒருவருக்கு இது நேர்ந்தது. 2013 முதல் 2017 வரை மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும் தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் இதனுடன் சேர்த்துக் காண வேண்டும். கொலையாளிகளின் சமயம் மாறுகிறது. கொல்லப்பட்டோர் அனைவரும் தம் சமூகத்தின் உள்ளிருந்தே பேசியவர்கள்.

ஃபாரூக்கின் தந்தை சமய நம்பிக்கையுடையவர். மகன் கொல்லப்பட்ட பின், மகன் சார்ந்திருந்த கழகத்தில் தாமும் சேரப்போவதாக அவர் அறிவித்தார். மகனுடைய எழுத்துகளால் அத்தந்தைக்கு மனவருத்தம் நேர்ந்திருக்கலாம், நேராதும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், ஃபாரூக்கின் சொற்களால் புண்பட உரிமையுடையோர் வரிசையில் முதலில் நிற்கத்தக்கவர் அவரே. அவர் மகனின் பக்கம் நின்றார்.

காவடியும் வானொலியும்

இறுதியாக, ‘மக்கள் ஓசை’ நிகழ்வின் மறுபக்கம் போன்ற ஒன்றைக் கூற வேண்டும். 2025 மார்ச்சில் ‘எரா’ மலாய் வானொலியின் அறிவிப்பாளர் மூவர், ‘வேல், வேல்’ என்று கூவிக் காவடியாட்டத்தைக் கேலியாக நடித்த காணொளி பரவியது. இந்துக்கள் கொதித்தனர். அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கோரினர்; நிலையம் அவர்களைப் பணியிலிருந்து விலக்கிவைத்தது. தொடர்பு, பல்லூடக ஆணையம் நிலையத்தின் உரிமத்தை இடைநிறுத்தும் நோக்கத்தை அறிவித்தது. பின்னர் இடைநிறுத்தத்தைக் கைவிட்டு 250,000 ரிங்கிட் தண்டத்துடன் அமைந்தது.

காவடியைத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இகழ்ந்ததற்கும் மலாய் வானொலி இகழ்ந்ததற்கும் வேறுபாடு இல்லையென்று நாம் கூறவில்லை. முன்னது மூடநம்பிக்கை என்று தாம் கருதியதிலிருந்து தம்மவரை மீட்கும் சினம். பின்னது தெரியாத ஒன்றைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. பெரும்பான்மையினர் சிறுபான்மையினரை எள்ளும்போது அங்கதத்தின் எடை மாறுகிறது. நம் மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 2007இல் ஒரு தமிழ் நாளேட்டின் மன்னிப்பு போதாதென்று அரசு கருதியபோது வருந்தியவர்களுள் சிலர், 2025இல் மன்னிப்பு போதாது, உரிமத்தையே பறிக்க வேண்டும் என்று முழங்கியதையும் நாம் கேட்டோம். உரிமமுறையின் வாள் எப்போதும் அடுத்த வீட்டுக்கே உரியது என்று எண்ணுவதில் நமக்கும் பிறருக்கும் வேறுபாடில்லை போலும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உள்ளது. கத்தோலிக்கருக்குப் பேராயர் இருந்தார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டோம் என்று அவர் சொன்னால் அது ஒரு சமூகத்தின் சொல்லாக நின்றது. இந்துக்களிடையே அத்தகைய ஒருவர் இல்லை. மலேசிய இந்து சங்கம், பத்துமலை ஆலய நிர்வாகம், அரசியற் கட்சிகள், தனிப்பட்ட வழக்கறிஞர்கள் எனக் குரல்கள் பல. ஒருவர் ஏற்ற மன்னிப்பை மற்றவர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. அவ்விடைவெளியில் ஆணையம் வந்து நின்றது. 2007இலோ மன்னிப்பை ஏற்க ஒருவர் இருந்தார், ஏற்கவும் செய்தார். அவ்வாண்டின் ‘மக்கள் ஓசை’த் தொகுப்பைப் புரட்டுவோர், ஆகஸ்டு பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாத கால இதழ்கள் இல்லாமையைக் காணலாம், அவை விடுபட்டவை அல்ல, அச்சேறாதவை.